காப்புக் கட்டிய கையோடு ஓர் இங்கிலீஷ் வகுப்பு

இந்தத் தொடரில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதினேன். ஸ்ரீரங்கத்துக்குக் குடி வந்ததை எழுதினேன். மாமனாரின் கடைசிக் காலத்தைக்கூட எழுதிவிட்டேன். இதை மட்டும் வருஷக்கணக்காகத் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுத உட்கார்வேன். உட்கார்ந்ததும் ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வரும். எழுந்து போய்விடுவேன்.

பயம்தான் காரணம். எழுதினால் அம்மன் மேல் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்ற பயம். நான் பத்தாவது வரை படித்தவள். காலையில் குளித்துவிட்டு, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பேன். தெய்வத்தைப் பற்றி வாதம் பண்ண எனக்குத் தெரியாது. ஆசையும் இல்லை.

ஆனால் நான் எழுதாவிட்டாலும் கதை சும்மா இருக்கவில்லை. இரண்டு விதமாக நடமாடிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே நடந்தது இல்லை. நான் கூடவே இருந்தவள். அதனால் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பெஞ்சின் மேல் அடித்த போன்

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் மாடியில் ஒற்றை அறை. அங்கேதான் எங்கள் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. கீழேயிருந்து மெஷின் சூடும் மை வாசனையும் படியேறி வரும். மேலே ஒரு ஃபேன். அது காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் கொடுக்கும்.

அன்றைக்கு வகுப்பு பாதியில் இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மல்லிகாவின் போன் பெஞ்சின் மேல் அடித்தது. திரையில் அவள் மகள் சுகன்யாவின் படம். அமெரிக்காவிலிருந்து.

மல்லிகாவின் போனில் காதில் வைத்துக் கேட்கிற பகுதி கெட்டுப்போயிருந்தது. யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அப்போதும் போட்டாள்.

"சொல்லும்மா. இந்நேரம் அங்க நடுராத்திரியாச்சே, தூங்கலியா?"

பதில் சொன்னது சுகன்யா இல்லை. வயதான ஒரு வெள்ளைக்கார அம்மாளின் குரல்.

"ஹலோ. இஸ் திஸ் சுகன்யா'ஸ் மதர்?"

அறையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பெண்களும் பேச்சை நிறுத்தினோம். அந்தக் குரல் அடுத்துச் சொன்னதை எழுதுவதற்கு முன்னால், நாங்கள் ஏன் அந்த அறையில் இருந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஹாவ், ஒரு டிட்

வந்தவர்கள் எல்லாரும் அம்மாக்கள்தான். பிள்ளைகள் வெளிநாட்டிலோ வெளிமாநிலத்திலோ இருந்தார்கள். என் மருமகள் புனே பெண். நல்ல பெண். தினமும் போன் பண்ணி, "ஹாவ் யூ ஈட்டன், அம்மா?" என்று கேட்பாள். நான் "யெஸ், யெஸ்" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் ஒருநாள், "எத்தனை நாள் சிரிச்சே ஓட்டுவ? போய்க் கத்துக்க" என்று சேர்த்துவிட்டார்.

மல்லிகா ஜீயபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். வாழை போட்டிருந்தார்கள். அவளுக்கு ஒரே மகள். சுகன்யா உண்டாகி, ஏழாம் மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கு அம்மா அங்கே போய் இருக்க வேண்டும். விசா நேர்காணலில் பதில் சொல்ல வேண்டும். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். மல்லிகாவுக்கு இங்கிலீஷ் தேவைப்பட்டது அதற்குத்தான். வேறு எதற்கும் இல்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஸ்டெஃபி மிஸ்ஸுக்கு எங்கள் பிள்ளைகளைவிட வயது குறைவு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொயரில் பாடும் பெண். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. அந்தப் பொறுமையையும் சோதித்தது ஒரே ஒரு பாடம். 'ஹாவ்' எப்போது போடுவது, 'டிட்' எப்போது போடுவது என்கிற பாடம்.

"ஐ ஹாவ் கம் யெஸ்டர்டே" என்பாள் மல்லிகா.

"அக்கா, யெஸ்டர்டேன்னு வந்துட்டா ஹாவ் வராது. 'ஐ கேம் யெஸ்டர்டே'. எப்பன்னு சொல்லிட்டீங்கன்னா ஹாவ் கிளம்பிப் போயிடும்."

"ஏன் மிஸ், ரெண்டும் அண்ணியும் நாத்தனாருமா? ஒண்ணு வந்தா இன்னொண்ணு எந்திரிச்சுப் போறதுக்கு?"

"அப்படியே வச்சுக்குங்க."

"இதுல யாரு மிஸ் நாத்தனார்?"

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டு, வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். "நடந்து முடிஞ்சதுதான். ஆனா அதோட சூடு இப்ப வரைக்கும் கையில தெரியுதுன்னா ஹாவ் போடுங்க. ஆறிப் போயிடுச்சு, இன்ன நாள்ல நடந்ததுன்னு எடுத்து வச்சாச்சுன்னா டிட்."

எனக்கு அது பாதிதான் புரிந்தது. காசிக்குப் போயிருக்கிறேன் என்றால் ஹாவ். போன ஆடியில் போனேன் என்றால் ஹாவ் கூடாது. இந்த அளவுக்குப் பிடிபட்டது. ஆனால் வாயைத் திறந்தால் இரண்டும் ஒன்றாக வந்து விழும். என் வீட்டுக்காரரிடம் "ஐ ஹாவ் டிட்" என்று சொல்லிக் காட்டினேன். "ரெண்டையும் போட்டுட்டியா? ஒண்ணு விட்டாலும் இன்னொண்ணு மாட்டிக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மிஸ் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இரண்டிரண்டு பேராக ஜோடி. ஒருத்தி தன் வாழ்க்கையில் நடந்ததில் ஒன்றை 'ஹாவ்' போட்டுச் சொல்ல வேண்டும். மற்றவள் "வென்?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பதிலை 'டிட்' வழியில் சொல்ல வேண்டும். நானும் மல்லிகாவும் ஜோடி.

முதலில் விளையாட்டாகத்தான் போயிற்று. ஐ ஹாவ் சீன் எலிஃபென்ட். ஐ ஹாவ் பாட் சாரி. பிறகு சொல்வதற்குச் சுலபமான விஷயங்கள் தீர்ந்துபோயின.

ஒருநாள் மல்லிகா ஃபேனைப் பார்த்தபடி, "ஐ ஹாவ் லாஸ்ட் ஒன் பேபி" என்றாள்.

நான் கேள்வி கேட்க வேண்டிய முறை. "வென்?" என்றேன். 

"பிஃபோர் சுகன்யா. நோ மதர். ஐ வாஸ் அலோன்."

மிஸ் எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். எதையும் திருத்தவில்லை. அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மல்லிகா தமிழில் சொன்னாள். "ஊர்ல யார்கிட்டயும் இத நான் பேசினது இல்லக்கா. எங்கம்மா அதுக்கு முந்தியே போயிட்டாங்க. வலி எடுத்தப்ப பிடிச்சுக்கக் கை இல்ல. சுகன்யாவுக்கு அப்படி ஆகக் கூடாது. நான் பக்கத்துல இருந்தாகணும்."

தெரிந்த பாஷையில் இருபத்தைந்து வருஷம் வாயை விட்டு வராத ஒன்று, தெரியாத பாஷையில் எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வார்த்தைகள் குறைவாக இருந்ததால் சுற்றி வளைக்க வழியில்லாமல் போயிருக்கலாம்.

மணிக்கட்டில் மஞ்சள்

மல்லிகாவின் ஊரில் மாரியம்மனுக்குத் திருவிழா வந்தது. சுகன்யாவுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று மல்லிகா தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, காப்புக் கட்டிக்கொண்டாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டுமாக வகுப்புக்கு வந்து நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

நம் ஊர்களில் வழக்கம் தெரிந்ததுதான். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லைக்கு வெளியே இராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஊருக்குள் வந்துவிட வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்துச் சென்னையில் விசாவுக்குத் தேதி கிடைத்தது. மாசக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி. ஒருநாள் கைரேகை, மறுநாள் நேர்காணல். ஓர் இரவு அங்கே தங்காமல் முடியாது.

மிஸ் பதறிவிட்டார். "அக்கா, இந்தத் தேதிய விட்டா அடுத்தது எப்ப கிடைக்கும்னு சொல்ல முடியாது. அந்தக் கயித்தக் கழட்டி வச்சுட்டுப் போயிட்டு வந்துடுங்களேன். கடவுளுக்குப் புரியாதா?"

மல்லிகா கோபப்படவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எம் பொண்ணுக்காகத்தான் மிஸ் கட்டினேன். அவளுக்காகவே அவுக்கவும் சொன்னா, நான் எந்தக் கையால அவுப்பேன்?"

பூசாரியிடம் கேட்டுப் பார் என்று நான்தான் சொன்னேன். கேட்டிருக்கிறாள். அவர், "போகாதன்னு நான் சொல்லலம்மா. போன்னும் சொல்லல. கட்டினது நீ. உன் மனசு என்ன சொல்லுதோ செய்யி" என்று சொல்லிவிட்டார். பாரம் திரும்பவும் இவள் தலைக்கே வந்தது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு. கடைசியில், தேதியை மாற்றிக்கொள்கிறேன் என்றாள்.

அன்று மாலை சுகன்யாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். சுகன்யா கத்தியிருக்கிறாள். "உனக்குத் திருவிழாதான் முக்கியமாப் போச்சு, இல்ல?" என்று கேட்டு வைத்துவிட்டாள். வைத்தவள் அதன் பிறகு எடுக்கவில்லை.

வாழைப்பழப் பை

சென்னைக்குப் போக வேண்டியிருந்த அந்த நாளில் மல்லிகா எங்கே இருந்தாள் என்பது முக்கியம். எங்களோடு இருந்தாள். அந்த ஜெராக்ஸ் கடை மாடியில்.

காலையில் ஊரிலிருந்து பஸ் ஏறும்போது கையில் ஒரு பெரிய ரெக்ஸின் பை. உள்ளே இரண்டு சீப்பு பூவன் பழம். திருவிழாவுக்காக வெட்டிய தாரிலிருந்து வகுப்புக்கென்று கொண்டு வந்தாள். நாங்கள் ஆளுக்கு இரண்டாகத் தின்றோம். மிஸ் தன் லேப்டாப்பில் அவளுக்காகப் புதிய தேதிக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். சாயங்காலப் பஸ்ஸில் நான்தான் ஏற்றி விட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டதாகப் போன் பண்ணினாள்.

பையோடு பஸ் ஏறியதை ஊரில் நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். சென்னைக்குத் தேதி வந்திருந்ததும் எல்லாருக்கும் தெரியும். அவள் இறங்கி வந்ததை யாரும் கவனிக்கவில்லை. திருவிழா வேலையில் யார் யாரைப் பார்க்கிறார்கள்?

எல்லாம் புரிந்தது

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அந்தப் போன் வந்தது. காப்பு இன்னும் அவிழ்க்கவில்லை.

பேசியவர் சுகன்யாவின் பக்கத்து வீட்டு அம்மாள். மாப்பிள்ளை வேலை விஷயமாக வேறு ஊருக்குப் போயிருந்தார். திடீரென்று வலி கண்டதும் இந்த அம்மாள்தான் சுகன்யாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

"யுவர் டாட்டர் இஸ் சேஃப். ஷி இஸ் ஸ்லீப்பிங் நவ்," என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "த பேபி கேம் டூ எர்லி. ஹி டிட் நாட் லிவ். ஐ ஆம் ஸோ சாரி" என்றார்.

வெள்ளைக்காரர்கள் வேகமாகப் பேசுவார்கள், புரியாது என்று எங்களுக்கெல்லாம் பயம் உண்டு. அந்த அம்மாள் ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாக, எங்கள் மிஸ்ஸைப் போலவே பேசினார். அங்கிருந்த ஒருத்தியும் பக்கத்தில் இருந்தவளிடம் என்ன என்று கேட்கவில்லை.

நான் மல்லிகாவின் கையைப் பிடித்தேன். மஞ்சள் கயிறு என் உள்ளங்கையில் உறுத்தியது.

அவள் போனை வைக்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். இங்கிலீஷில் கேட்டாள்.

"வென் டிட் ஹி கம்?"

"அட் நைன். நைன் இன் தி ஈவ்னிங்."

"டிட் யூ ஸீ ஹிம்?"

"யெஸ். ஐ ஹெல்ட் ஹிம்."

அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்குத் தெரியாது. மிஸ் மெதுவாகச் சொன்னார். "கையில வாங்கியிருக்காங்க அக்கா. கையில வச்சிருந்திருக்காங்க."

"தேங்க் யூ," என்றாள் மல்லிகா போனைப் பார்த்து. "தேங்க் யூ, மேடம்."

அவள் முதன்முதலாக ஒரு வெளிநாட்டுக்காரரிடம் தானாகப் பேசிய பேச்சு அது. ஒரு தப்பும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "சாயங்காலப் பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்று கேட்டாள். மதியம்கூட ஆகவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு அவளோடு இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் பூக்காரியும் கடலைக்காரரும் எப்போதும்போலக் கூவிக்கொண்டிருந்தார்கள். மல்லிகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்புகிற நேரத்தில் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாம் புரிஞ்சுது பாருங்கக்கா. ஒரு எழுத்துக்கூடப் புரியாம போகல."

பஸ் நகர்ந்துவிட்டது. அந்த அறைக்கு அவள் வராமலே இருந்திருந்தால், அந்த அம்மாள் சொன்னது காதில் விழுந்தும் மனசில் இறங்காமல் இன்னும் ஒரு பகல் கழிந்திருக்குமே என்று மட்டும் தோன்றியது.

ஊர் சொன்னதும் மகள் சொன்னதும்

மல்லிகா தீச்சட்டி எடுத்தாள். பேரன் போன வீடாயிற்றே என்று சிலர் தயங்கினார்கள். காப்புக் கட்டியவர்களுக்குத் தீட்டு இல்லை என்று பூசாரி சொன்னார். நான் போயிருந்தேன். வேப்பிலையும் புகையுமாக அவள் என்னைத் தாண்டிப் போனபோது, எதற்கு இது இனிமேல் என்று என் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்து உட்கார்ந்தபோது அவளே சொன்னாள். "பொண்ணு உசுரோட இருக்காக்கா. அதுக்கு நான் செலுத்த வேண்டாமா?"

அதன் பிறகுதான் பேச்சுக் கிளம்பியது. காப்புக் கட்டின கையோடு பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய் ராத்தங்கிவிட்டாள், அம்மன் பேரனை எடுத்துக்கொண்டாள் என்று ஊர் சொன்னது. மல்லிகா இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். "அப்ப அந்தப் பை?" என்றார்கள். வாழைப்பழம் என்றாள். "வாழைப்பழமாம்!" என்று சிரித்தார்கள்.

மகள் வேறு சொன்னாள். அம்மா வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. திருவிழாவுக்காக என்னை விட்டுவிட்டாள். அந்தச் சண்டையில்தான் என் உடம்பு கெட்டது. இவ்வளவும் சொல்லிவிட்டு, நல்ல நாள் கெட்ட நாளுக்கு மட்டும் போனில் ஒரு வார்த்தை பேசுகிறவளாக ஆகிவிட்டாள்.

ஊரார் கணக்கில் மல்லிகா சென்னைக்குப் போனவள். மகள் கணக்கில் போகாதவள். இரண்டு பக்கமும் அடி அவளுக்குத்தான்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சென்னைக்குப் போயே இருந்தாலும், விசா கிடைத்துப் பாஸ்போர்ட் கைக்கு வர நாள் ஆகியிருக்கும். டிக்கெட்டும் ஒன்பதாம் மாசத்துக்குத்தான் பார்த்து வைத்திருந்தார்கள். குழந்தை பிறந்தது அதற்கு வெகு முன்னால். மல்லிகா போயிருந்தாலும், போகாமல் இருந்தாலும், அன்று இரவு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் இருந்திருக்க முடியாது. அவள் அம்மனுக்கும் துரோகம் பண்ணவில்லை. மகளுக்கும் பண்ணவில்லை. குழந்தை முன்கூட்டிப் பிறந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

இப்போது எழுதுவதற்குக் காரணம்

சமீபத்தில் சமயபுரத்தில் மல்லிகாவைப் பார்த்தேன். தரிசனம் முடித்து, பூக்கடை ஓரம் நின்று பேசினோம். இளைத்திருந்தாள். சுகன்யா மறுபடி உண்டாகியிருக்கிறாளாம். மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியுமாம். "இந்த தடவை யாரும் வர வேணாம்" என்று மகள் சொல்லிவிட்டாளாம்.

"நீங்கதான் பத்திரிகையில எழுதறீங்களேக்கா. இதையும் எழுதுங்க," என்றாள். "நான் சொன்னா சாக்கு சொல்றேன்னு நினைப்பா. அவ மாமியார் தஞ்சாவூர்ல வாராவாரம் இத வாங்கறாங்க. கோலப் பக்கத்த போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புவாங்க."

"அம்மனுக்குக் குறையாகாதா மல்லிகா?"

"நடந்ததச் சொன்னா அவளுக்கு என்னக்கா குறை? அவளும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தா."

இவ்வளவு வருஷம் நான் தூக்கிச் சுமந்த பயத்தை அவள் அப்படி ஒரே பேச்சில் இறக்கி வைத்தாள்.

பிரசவத்துக்கு என்ன வேண்டிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வெள்ளிக்கிழமை தவறாதவள் அவள்.

"கும்பிட்டுக்கிறேன், அவ்வளவுதான். வேண்டிக்கிட்டா கட்டுப்படணும்க்கா. விசாவும் போன வருஷம் வாங்கி வச்சாச்சு. ஒருவேளை கூப்பிட்டான்னா உடனே கிளம்பணும். கை சும்மா இருக்கட்டும்னு விட்டிருக்கேன். அம்மன்கிட்டயும் சொல்லிட்டேன்."

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்வீர்கள். சொல்லுங்கள்; சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்கள் இரண்டு தடவை சொல்லுங்கள். ஆனால் சேர்க்காமல் சொல்லுங்கள். அவள் சென்னைக்குப் போகவில்லை. மகளை மறந்து இருக்கவும் இல்லை. அம்மன் கோபித்ததாக யாரும் ஒரு வரி கூட்டிச் சொல்ல வேண்டாம். மகள் கல்நெஞ்சக்காரி என்றும் வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். இங்கே உள்ளதை உள்ளபடியே, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் கொண்டுபோங்கள்.

கூப்பிட்டால் மல்லிகா வருவாள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.